தேத்தண்ணியை விடும்போது தலையிடியும் பதகளிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 46. ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறேன். யானைக்காகப் பரணில் இரவுக்காவல். நாளுக்கு ஒன்பது, பத்துக் கிளாஸ் கடுஞ்சாயத் தேத்தண்ணி குடிப்பேன். நெஞ்சு படபடக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்தேன். இதயத்தில் ஒன்றுமில்லை, தேத்தண்ணியைக் குறையுங்கள் என்றார்கள். ஒரேயடியாக விட்டேன். அடுத்த நாள் மத்தியானம் மண்டை வெடிக்கிற மாதிரித் தலையிடி, ஓங்காளம், காரணமே இல்லாமல் ஓர் அந்தரம். பொறுக்கமாட்டாமல் ஒரு கிளாஸ் குடித்தேன். அரை மணித்தியாலத்தில் எல்லாம் போய்விட்டது. நான் இதற்கு அடிமையா? எப்படி விடுவது?

பதில்: தேத்தண்ணி குடித்த அரை மணித்தியாலத்தில் தலையிடி போனதுதான் இதில் முக்கியமான தடயம். தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள, நித்திரையைக் கலைக்கும் பொருளான கஃபீன் முக்கால் மணித்தியாலத்துக்குள் ஏறக்குறைய முழுவதுமாக இரத்தத்தில் சேர்ந்துவிடும். அதோடு குறி குணமெல்லாம் மறைந்தால் வந்தது கஃபீன் நிறுத்தத்தின் விளைவுதான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இந்த நிறுத்த விளைவை ஒரு தனி நிலையாக ஏற்றிருக்கிறது. கஃபீன் அடிமைத்தனத்தை இன்னும் ஆராயவேண்டிய விடயம் என்றே அதில் வைத்திருக்கிறார்கள். ஆகவே ‘அடிமை’ என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை. உடம்பு பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். களைப்பையும் நித்திரையையும் கொண்டுவருவது அது. அது போய் ஒட்டவேண்டிய இடங்களில் கஃபீன் முந்திக்கொண்டு ஒட்டிவிடுகிறது. நாள்தோறும் அப்படி நடந்தால் மூளை அந்த இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று தேத்தண்ணியை நிறுத்தினால் கூடிப்போன இடங்களில் எல்லாம் அடினோசின் ஒன்றாக ஒட்டும். மூளையின் இரத்தக்குழாய்கள் விரிந்து, குனிந்தாலும் பாரம் தூக்கினாலும் கூடுகிற அந்த விண்விண் என்ற இடி வரும். அதோடு அலுப்பு, எரிச்சல், மனச்சோர்வு, ஓங்காளம், காய்ச்சல் வரப்போவது போன்ற உடம்பு உளைவு. கடைசிக் கிளாஸ் குடித்து 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி, முதல் இரண்டு நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து ஒன்பது நாட்களுக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு அடுத்த நாள் மத்தியானம் வந்தது கணக்குத் தப்பாமல் வந்ததுதான்.

இனிக் குறைக்கும் விதம். கிளாஸை எண்ணுவதைவிடத் தூளை அளப்பதே நல்லது. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டித் தேயிலைத்தூள் 2 முதல் 3 கிராம் வரும். அதிலிருந்து 40 முதல் 60 மில்லிகிராம் கஃபீன் இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கிளாஸுக்கு ஒரு கரண்டி என்றாலே நீங்கள் நாளுக்கு 400 முதல் 600 வரை எடுக்கிறீர்கள். நல்ல சுகமுள்ள பெரியவருக்கு 400 மில்லிகிராம்தான் மேல் எல்லை. தூளை அடுப்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் உள்ளதெல்லாம் இறங்கிவிடும். பால் விட்டால் கஃபீன் குறையும் என்பதும் வெறும் பேச்சு.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல், எத்தனை கரண்டி போகிறதென்று மட்டும் எழுதி வையுங்கள். பத்து என்று வந்தால், நாலு நாளுக்கு ஒரு கரண்டி வீதம் குறைத்து மூன்றுக்குக் கொண்டுவாருங்கள். பரணுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்க்கில் தண்ணீரின் அளவு அப்படியே இருக்கட்டும், தூள் மட்டும் குறையட்டும். கைக்கும் வாய்க்கும் பழகிய சூடு கிடைத்துக்கொண்டே இருக்கும். மூன்று கரண்டிக்கு வந்தபிறகு நாலு நாளுக்கு அரைக் கரண்டிக்கு மேல் குறைக்கவேண்டாம். பத்தில் ஒன்றைக் குறைப்பதும் மூன்றில் ஒன்றைக் குறைப்பதும் உடம்புக்கு ஒன்றல்ல. பலர் வழுக்குவது இந்தக் கடைசிப் படிகளில்தான். முழுக்கணக்கும் ஏறத்தாழ ஏழரை வாரம். ஒரு படியில் தலையிடி வந்தால் அதே படியில் இன்னும் மூன்று, நாலு நாள் நில்லுங்கள். பழைய அளவுக்குத் திரும்ப வேண்டியதில்லை. இரண்டு கரண்டியில் படபடப்பு நின்றுவிட்டால் அங்கேயே நின்றுகொண்டாலும் தவறில்லை. பூச்சியத்துக்குப் போயே தீரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

காவலுக்குப் போகிறவருக்கு நேரமும் முக்கியம். கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். நடுச்சாமத்தில் 100 மில்லிகிராம் குடித்தால் விடிய ஐந்து மணிக்கு 50 உள்ளே இருக்கும், பத்து மணிக்கும் 25 இருக்கும். பிறகு பகல் நித்திரை எப்படி வரும்? ஆகவே உள்ளதைக் காவல் தொடங்கும் நேரத்தில் குடித்து, நடுச்சாமத்துக்குப் பிறகு தண்ணீர், மோர், மல்லித்தண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். காவலுக்குப் போகமுன் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் அது ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கு ஈடு. முடிந்தால் பக்கத்து வயல்காரரோடு முறை வைத்து விழித்திருங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: அறுவடை நடக்கும் கிழமையில் இதைத் தொடங்கவேண்டாம். குறைக்கும் முதல் நாட்களில் தூங்கி விழுந்துகொண்டு உழவு இயந்திரமோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவது ஆபத்து. பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகம் தொடங்குமுன் உள்ள இடைவெளிதான் தோதான காலம்.

இன்னொன்று சீனி. பத்துக் கிளாஸுக்கு இரண்டரைக் கரண்டி வீதம் போட்டால் நாளுக்கு 100 கிராமுக்கு மேல் சீனி, 400 கலோரிக்குக் கிட்ட. தேத்தண்ணியோடு அதுவும் திடீரென்று நின்றால் பசி, கைநடுக்கம், எரிச்சல் எல்லாம் வந்து கஃபீன் தலையில் பழி விழும். தேத்தண்ணி நேரத்துக்கு ஒரு பிடி அவித்த கடலையோ கச்சானோ, விடியக் கஞ்சியோ வைத்துக்கொள்ளுங்கள். சலரோகத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் சீனித் தேத்தண்ணியைத் திடுமென நிறுத்துமுன் கிளினிக்கில் சொல்லவேண்டும். இரத்தத்தில் சீனி தாழ்ந்து மயங்க இடமுண்டு.

தலையிடி தாங்கமுடியாவிட்டால் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இரண்டு போடலாம். ஆறு மணித்தியால இடைவெளி, நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. இரண்டு, மூன்று நாளோடு நிறுத்திவிடுங்கள். கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரா’ என்று பெயர்போட்ட சிலவற்றில் ஒரு குளிசைக்கு 65 மில்லிகிராம் கஃபீன் கலந்திருக்கும். இரண்டு போட்டால் 130, அது இரண்டு, மூன்று கிளாஸ் தேத்தண்ணி. தலையிடி பறந்துவிடும்தான், ஆனால் நீங்கள் எதையும் குறைக்கவில்லை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் நிறையப்பேர். அவர்கள் டைக்குளோபெனாக், இபுபுரூபன் பக்கமே போகக்கூடாது. தண்ணீர் எவ்வளவு குடிப்பதென்பதையும் கிளினிக்கில் சொன்னபடிதான் செய்யவேண்டும். சிறுநீரக வருத்தம் இல்லாதவர்கள், குறைத்த ஒவ்வொரு கிளாஸ் தேத்தண்ணிக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள், வன்னி வெயிலுக்கு அது போதாமலும் போகலாம்.

செத்தவீட்டிலும் கலியாணவீட்டிலும் நீட்டும் கிளாஸைத் தட்டமுடியாது. ‘சாயம் குறைய, பாதி கிளாஸ்’ என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் கூடக் குடித்துவிட்டால் தொடக்கத்திலிருந்து எண்ணவேண்டாம், அடுத்த நாள் விட்ட படியிலிருந்தே தொடருங்கள்.

தேத்தண்ணி நிறுத்தத்தால் உண்மையான காய்ச்சல் வராது. தேர்மாமீற்றரில் சூடு காட்டினால் டெங்கை நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சுநோ இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்து மூச்சுத் திணறினால், முகமோ கையோ ஒருபக்கம் சோர்ந்தால், வாழ்நாளில் காணாத தலையிடி ஒரு நொடியில் வந்தால், தேத்தண்ணிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் படிப்பிக்கிறேன். நெஸ்கபேயும் தேத்தண்ணியுமாக நாளுக்கு ஆறு குடித்தேன். மூன்று கிழமைக்கு முன் முழுதாக விட்டேன். தலையிடி ஒரு கிழமையில் போனது. பதகளிப்பு மட்டும் போகவில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு வந்து நெஞ்சு அடிக்கும். பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடும் என்ற யோசனை. திரும்பக் குடித்தால் சரிவருமா?

பதில்: வராது. ஒன்பது நாளைக்குள் முடியவேண்டிய நிறுத்த விளைவு மூன்றாம் கிழமைக்கு நீளாது. ஆகவே வேறு காரணம் தேடவேண்டும். முதலில் கஃபீன் வேறு வழியால் வருகிறதா என்று பாருங்கள்: கோலா, பச்சைத் தேயிலை, தலையிடிக் குளிசை. அதுவும் இல்லையென்றால் இரண்டு இரத்தச் சோதனை செய்வித்துவிடுங்கள், ஹீமோகுளோபினும் தைரொயிட்டும். இரத்தச்சோகையும் தைரொயிட் கூடுதலும் நெஞ்சுப் படபடப்பை அச்சொட்டாக இப்படித்தான் கொண்டுவரும். பெண்களுக்கு இரண்டும் கூடுதலாக வரும்.

சோதனையில் ஒன்றுமில்லையென்றால், இந்தப் பதகளிப்பு முன்பும் இருந்திருக்கலாம். ஆறு கிளாஸ் குடித்த காலத்தில் படபடப்புக்குக் கோப்பியைக் காரணம் காட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். இப்போது காரணம் காட்ட ஆளில்லை. விட்டது வீண்போகவில்லை, எது எதனுடையது என்று பிரித்துப் பார்க்க முடிகிறதே.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மணிக்கூட்டையும் போனையும் பாராதீர்கள். எழும்பி இருந்து, மூக்கால் நாலு எண்ணும்வரை மூச்சை எடுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் செய்யுங்கள். வெளிமூச்சு நீளவேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். பயத்தில் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் நுனியும் உதட்டோரமும் விறைக்கும், பயம் இரட்டிக்கும். பலர் இதையே மாரடைப்பு என்று நினைத்து ஓடுகிறார்கள். பயம் உச்சத்துக்குப் போக ஏறத்தாழ பத்து நிமிடம், இறங்க இன்னும் கொஞ்சம் எடுக்கும். இறங்காமல் போவதில்லை. 20 நிமிடத்தில் நித்திரை வராவிட்டால் படுக்கையைவிட்டு வந்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் அலுப்பான வேலை ஏதும் செய்யுங்கள். பிள்ளைகளின் கொப்பி திருத்துவது அதற்குள் அடங்காது.

யோசனைகளைப் பகலுக்கு ஒத்திவைக்கலாம். பின்னேரம் ஒரு நேரம் குறித்து, 15 நிமிடம், தாளில் எழுதுங்கள். எதற்கு நாளைக்கே ஒரு காரியம் செய்யலாமோ அதற்குப் பக்கத்தில் அந்தக் காரியத்தை எழுதுங்கள். மற்றவற்றை எழுதியதோடு விட்டுவிடுங்கள்.

நித்திரையில் பழைய சம்பவங்கள் வருவது, வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுவது, மே மாதம் நெருங்கினால் கூடுவது, சில இடங்களுக்குப் போகாமலே தவிர்ப்பது இவையும் உண்டா? இருந்தால் மூச்சுப்பயிற்சியோடு நிறுத்தவேண்டாம். 2009க்குள்ளால் வந்த இந்த மண்ணில் அது அபூர்வமும் அல்ல, வெட்கப்பட ஒன்றும் அல்ல, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எந்த நேரமும் எடுக்கலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே.

கேள்வி: வவுனியாவில் உயர்தரம் படிக்கிறேன். இரவு இரண்டு கேன் எனர்ஜி ட்ரிங், பதினொரு மணிக்கு ஒரு கோப்பி. மாதிரிப் பரீட்சையில் கைநடுங்கி எழுத்தே வரவில்லை. பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கிறது. இப்போது விடலாமா?

பதில்: முழுதாக விடவேண்டாம், குறைக்கலாம். 250 மில்லிலீற்றர் கேனில் பொதுவாக 80 மில்லிகிராம், மட்டமான ஒரு தேக்கரண்டி உடன்கோப்பித் தூளில் 60க்குக் கிட்ட. மொத்தம் 220. உங்கள் வயதுக்காரருக்கு ஒரு கிலோ நிறைக்கு 3 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. 50 கிலோ என்றால் 150தான். முதல் நாலு நாளில் பதினொரு மணிக் கோப்பியை விடுங்கள். அடுத்த நாலு நாளில் ஒரு கேனை விடுங்கள். மிஞ்சியதைப் பின்னேரம் மூன்று மணிக்கு முன் எடுங்கள். அதன்பிறகு பரீட்சை முடியும்வரை ஒன்றையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பரீட்சையன்று விடிய யாரோ தருகிற புதுச் சாமானைக் குடித்துப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய முட்டாள்தனம். படித்தது தலையில் பதிவது நித்திரையில். படுக்கப்போக ஆறு மணித்தியாலத்துக்கு முன் பெருமளவு கஃபீன் எடுத்தவர்களுக்கே நித்திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைந்ததை ஆய்வில் அளந்திருக்கிறார்கள்.

கேள்வி: மல்லாவி. ஐந்து மாதக் கர்ப்பம். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி குடிப்பேன். உடனே நிறுத்தவேண்டுமா? நிறுத்தினால் வரும் தலையிடி பிள்ளையைப் பாதிக்குமா?

பதில்: நிறுத்தத் தேவையில்லை, 200 மில்லிகிராமுக்குள் கொண்டுவாருங்கள். சாயம் குறைந்த மூன்று கிளாஸ் என்று வையுங்கள். கர்ப்பத்தில், அதுவும் கடைசி மாதங்களில், கஃபீன் உடம்பைவிட்டுப் போக மிகவும் சுணங்கும். பாதி போகவே 15 மணித்தியாலம்வரை எடுக்கலாம், அதனால் குறைந்த அளவே கூடிய படபடப்பைத் தரும். நிறுத்தத் தலையிடி பிள்ளைக்குக் கேடு செய்யாது. ஆனால் 20 கிழமைக்குப் பிறகு வரும் தலையிடியைத் தேத்தண்ணித் தலையிடி என்று நீங்களாகவே முடிவுகட்டக்கூடாது. கண் மங்கல், முகம் கை வீக்கம், மேல்வயிற்று நோ சேர்ந்தால் அன்றைக்கே பிரஷர் பாருங்கள், குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கவேண்டாம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையிலும் ஒரு மணித்தியாலம் விடுங்கள், தேத்தண்ணியின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது.

கேள்வி: பரந்தன். என் கணவர் சிகரெட்டை விட்டு ஐந்து நாள். தேத்தண்ணி வழக்கம்போல நாளுக்கு எட்டுக் கிளாஸ்தான். ஆனால் நித்திரையே இல்லை, கைநடுக்கம், ஒரே சினம். தேத்தண்ணியையும் சேர்த்து விடச் சொல்லவா?

பதில்: பாதியாக்கச் சொல்லுங்கள். புகையிலைப் புகையில் உள்ள பொருட்கள் ஈரலில் கஃபீனை உடைக்கும் நொதியத்தைத் தூண்டிவைத்திருக்கும். புகை நின்றதும் அந்த நொதியம் சில நாளில் தணிந்துவிடும். அதே எட்டுக் கிளாஸ் இப்போது இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காக நிற்கும். நாலாக்கினால் அவருக்குப் பழகிய அளவு அப்படியே இருக்கும், தேத்தண்ணி நிறுத்தத் தலையிடியும் வராது. நிகோற்றினை விட்ட எரிச்சல் மட்டும் தனியாக மிஞ்சும், அது முதல் கிழமையில்தான் கடுமை. இரண்டையும் ஒரே நாளில் பூச்சியமாக்கச் சொன்னால் மூன்றாம் நாள் சந்திக் கடையில் இரண்டும் கையில் இருக்கும். பீடி, சுருட்டுக்கும் இதே கணக்கு. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது, வேலை செய்வது புகைதான்.

கேள்வி: புதுக்குடியிருப்பு. அம்மா மனநலக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறா. தேத்தண்ணியை விடப்போகிறா. பரவாயில்லையா?

பதில்: என்ன மருந்து என்று கொப்பியைப் பாருங்கள். லித்தியம் என்றால், கஃபீனைத் திடீரென நிறுத்த இரத்தத்தில் லித்தியம் கூடி நஞ்சாகலாம். குளோசபின் என்றால் மாறாக மருந்தின் அளவு இறங்கலாம். இரண்டிலும் கிளினிக்கில் சொல்லிவிட்டு மெதுவாகவே குறைக்கவேண்டும். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் அதை வெறுவயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணித்தியாலம் கழித்தே தேத்தண்ணி குடிக்கவேண்டும். முட்டுக்குத் தியோபிலின் எடுப்பவர்களுக்கும் படபடப்பு வரும். அது கஃபீனின் ஒன்றுவிட்ட சகோதரம்.

கேள்வி: தேத்தண்ணியை விட்டு மல்லிக்கோப்பிதான் குடிக்கிறேன். அப்படியும் நித்திரை இல்லையே?

பதில்: தூள் எங்கே வாங்கினீர்கள்? மல்லியோடு கோப்பிக்கொட்டையும் சேர்த்து வறுத்து அரைப்பது நம் பக்கத்து வழக்கம். கடைப் பைக்கற்றிலும் அப்படி இருக்கலாம். வீட்டிலேயே செய்யுங்கள்: மல்லி 200 கிராம், வேர்க்கொம்பு 20 கிராம், சீரகம் 10 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி. மல்லியைத் தனியாக, மெல்லிய நெருப்பில், மண்ணிறம் தாண்டிக் கறுக்கத் தொடங்குமுன் இறக்குங்கள். கருகினால் கசக்கும், பிறகு கசப்பை மறைக்கச் சீனி கூடும். மற்றவற்றைச் சூடு காட்டினால் போதும். ஒரு கிளாஸ் தண்ணீருக்கு ஒரு கரண்டி போட்டு மூன்று, நாலு நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். நெஞ்செரிவு உள்ளவர்கள் மிளகை விட்டுவிட்டு வேர்க்கொம்பைப் பாதியாக்குங்கள். இல்லாவிட்டால் இரவில் அந்த எரிவே படபடப்புப் போலத் தெரியும். ஆவாரம்பூவோ வில்வம்பூவோ அவித்துக் குடிப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, இரண்டிலும் கஃபீன் கிடையாது.